நடந்தால் மறதி நோய் போய்விடுமா? அல்சைமரும் உடற்பயிற்சியும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் சில்வர் பீச்சிலோ காலையில் நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "நடந்தா சுகர் குறையும், பி.பி. குறையும், மறதி நோயும் கிட்ட வராது" என்பார்கள். முதல் இரண்டும் பெருமளவு சரி. மூன்றாவது அவ்வளவு எளிதில்லை. அதே பேச்சு வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வரும்போது "தினமும் நடந்தால் அல்சைமர் குணமாகும்" என்று ஆகிவிடுகிறது. அதை நம்பி, ஏற்கெனவே நோய் வந்துவிட்ட தகப்பனாரை வெயிலில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் நடந்தும் அவர் பேரன் பெயரை மறந்துகொண்டே போனால், "இவரு ஒழுங்கா நடக்கறதில்ல" என்று பழி அவர்மேலேயே விழுகிறது.

இதற்கு நேர் எதிரான வீடுகளும் உண்டு. "இனிமே என்ன செஞ்சு என்ன ஆவப் போவுது, விழாம இருந்தா போதும்" என்று பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, எழ முயலும்போதெல்லாம் அதட்டி உட்கார வைப்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் சில மாதங்களில் அவருக்கு எழுந்து நிற்கவே முடியாமல் போகிறது.

மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. நோய் வராமல் உடற்பயிற்சி தடுக்குமா? வந்த நோயைத் திருப்புமா? நோய் வந்தவருக்கு வேறு என்ன தரும்? மூன்றுக்கும் பதில் வேறுவேறு. மூன்றாவது கேள்விக்குத்தான் குடும்பங்களுக்கு உடனே பயன்படும் பதில் இருக்கிறது. அதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

## முதலில், நோய் எது?

வயதானால் சாவியை வைத்த இடம் மறக்கும். கொஞ்ச நேரம் கழித்து நினைவு வரும். அது நோயில்லை. சாவி எதற்கென்றே தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது, சாப்பிட்ட கை காய்வதற்குள் "எனக்கு இன்னும் சோறு போடல" என்று சண்டை பிடிப்பது, நாற்பது வருஷம் நடந்த தெருவில் வீடு தெரியாமல் நிற்பது, இவையெல்லாம் வேறு. நினைவும் யோசனையும் பேச்சும் திசை அறிதலும் அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்குக் குறைந்துபோகும் நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், ஐம்பதுகளின் நடுவிலேயே இந்நோயால் இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, 1906இல் இரண்டு மாற்றங்களை விவரித்தார். ஒன்று, நரம்பணுக்களுக்கு வெளியே சேரும் படிவுகள். அவை அமிலாய்டு என்ற புரதத்தால் ஆனவை என்று பின்னால் தெரிந்தது. மற்றொன்று, நரம்பணுக்களுக்கு உள்ளேயே முறுக்கிச் சிக்கிக்கொள்ளும் இழைகள். அது டாவ் என்ற புரதத்தின் வேலை. இவை பெருகப் பெருக நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் அறுந்து, கடைசியில் அணுக்களே சாகின்றன.

அமிலாய்டு படியத் தொடங்குவது, மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே. பாதிப்பு முதலில் பலமாகத் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். காதுகளுக்கு நேரே உட்புறமாக, மூளையின் இரு பக்கத்திலும் இருக்கும் சிறிய பகுதி அது. புதிதாக நடப்பதை நினைவில் பதிக்கும் பொறுப்பு அதனுடையது. அதனால்தான் உங்கள் அம்மாவுக்குத் தன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது, காலையில் தின்ற இட்லி ஞாபகம் இல்லை. அவர் நடிக்கவில்லை, வேண்டுமென்றும் செய்யவில்லை.

## கடைமடைக்குத் தண்ணீர்

உடற்பயிற்சிக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்பதைக் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்வது எளிது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரி மதகுகளிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஓடி, கடைசியில் கடைமடை வயலை எட்ட வேண்டும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், ஏரி நிறைந்திருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது. இப்போது அந்தக் கடைமடை வயலில் பயிருக்குப் பூச்சியும் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். வாய்க்காலைத் தூர்வாரினால் பூச்சி செத்துவிடுமா? சாகாது. பூச்சி தின்ற குருத்து திரும்ப முளைக்குமா? முளைக்காது. ஆனால் தண்ணீர் வந்தால் மிச்சமிருக்கும் பயிர் கருகாமல் நிற்கும். பூச்சியோடு வறட்சியும் சேர்ந்தால் அந்த வயலுக்கு ஏற்படும் கதி நமக்குத் தெரியும்.

பூச்சி என்பது அல்சைமர். வாய்க்கால் என்பது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள். தூர்வாருவது உடற்பயிற்சி.

## அசையும்போது மூளைக்குள் நடப்பது

நம் எடையில் மூளை 2 விழுக்காடுதான். ஆனால் சும்மா இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. ரத்த ஓட்டம் சில நிமிடம் நின்றாலே நரம்பணுக்கள் சாகத் தொடங்கும். ஆகவே மூளையின் நலம் இதயத்தையும் ரத்தக் குழாயையும் நம்பியிருக்கிறது. மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது, குழாய்களின் உட்சுவர் தளர்ந்து விரியப் பழகுகிறது. நாளடைவில் ரத்த அழுத்தம் இறங்குகிறது, சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் மயிரிழை போன்ற நுண்குழாய்களைக் கெடுப்பவை என்பதால் இது பெரிய லாபம்.

அல்சைமர் என்று சொல்லப்பட்ட முதியவர்கள் பலரின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது, அமிலாய்டும் டாவும் மட்டுமன்றி, கெட்டுப்போன நுண்குழாய்களும் சேர்ந்தே காணப்பட்டன. பூச்சியும் வறட்சியும் ஒரே வயலில் இருப்பதுதான் வழக்கம். சர்க்கரையும் பி.பி.யும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் பகுதியில் இதை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது.

இரண்டாவது வழி, பி.டி.என்.எஃப். என்ற புரதம். நரம்பணுக்கள் உயிரோடு இருக்கவும் தங்களுக்குள் புதிய இணைப்புகள் போடவும் அது உதவுகிறது. தசைகள் வேலை செய்யும்போது மூளையில் அதன் அளவு கூடுவதை எலிகளிடம் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். மனிதர்களின் ரத்தத்திலும் உடற்பயிற்சிக்குப் பின் அது கூடுகிறது.

இந்த வழிகள் உண்மையில் மூளையை மாற்றுமா என்பதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2011இல் அமெரிக்காவில் வெளியானது. 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரில் பாதிப் பேர் ஓராண்டு, வாரம் 3 நாள், சுமார் 40 நிமிடம் வரை நடந்தார்கள். மற்றப் பாதிப் பேர் உடலை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சிகள் மட்டும் செய்தார்கள். நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெரிதானது. மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியது. வயதோடு சுருங்கியே ஆக வேண்டும் என்று எண்ணப்பட்ட பகுதி வளர்ந்தது என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது.

வாட்ஸ்அப் செய்தி வழி தவறியது இங்கேதான். அந்த 120 பேரில் யாருக்கும் டிமென்ஷியா இல்லை. ஆரோக்கியமான வயலில் கண்டதைப் பூச்சி விழுந்த வயலுக்கும் அப்படியே சொல்லிவிட்டார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அல்சைமர் என்பது புரதப் படிவுகளால் நரம்பணுக்கள் சாகும் நோய். உடற்பயிற்சி மூளைக்குப் போகும் ரத்தத்தையும் வளர்ச்சிப் புரதங்களையும் கூட்டுகிறது. அது நோயின் மூலத்தைத் தொடுகிறதா என்பது தனிக் கேள்வி.

## வருமுன் தடுக்குமா?

ஓரளவு. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியாவுக்கு வழிவிடும் மாற்றக்கூடிய காரணிகள் 14 என்று கணக்கிட்டது. உடல் உழைப்பின்மை அதில் ஒன்று. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் பருமன், கெட்ட கொழுப்பு, புகை, மது, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு, கல்விக் குறைவு ஆகியவை மற்றவை. பதினான்கையும் முழுதாக ஒழிக்க முடிந்தால் உலகில் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. நடை மட்டும் அந்த 45ஐத் தராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. டிமென்ஷியா கண்டறியப்படுவதற்கு சுமார் 9 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்களது நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. நடக்காததால் நோய் வந்ததா, உள்ளே நோய் தொடங்கிவிட்டதால் நடை குறைந்ததா? இரண்டுக்கும் இடமுண்டு. ஆகவே, "எங்கப்பா வாக்கிங்கை விட்டதாலதான் இது வந்துச்சு" என்று யாரும் தங்களையோ அவரையோ நொந்துகொள்ள வேண்டியதில்லை.

## வந்தபின் திருப்புமா?

திருப்பாது. இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இங்கிலாந்தில், இலேசான அல்லது நடுத்தர நிலை டிமென்ஷியா உள்ள 494 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நான்கு மாதம், நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு சைக்கிள் மிதிக்கவும் எடை தூக்கவும் முறையான பயிற்சி கொடுத்தார்கள். அவர்களது உடல் திறன் கூடியது. நினைவும் சிந்தனையும் தேறவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால், பயிற்சி பெறாதவர்களைவிட மிகச் சிறிதளவு பின்தங்கியே இருந்தார்கள். அந்த வேறுபாடு அன்றாட வாழ்வில் தெரியாத அளவு சிறியதுதான் என்றாலும், குணமாகும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இந்த முடிவைப் படித்துவிட்டு "அப்ப உடற்பயிற்சி வீண்" என்று எழுதியவர்களும் உண்டு. அதுவும் தவறு. அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது நினைவையும் சிந்தனையையும். அல்சைமரோடு வாழும் ஒருவரின் நாள் நினைவால் மட்டும் ஆனதில்லை.

## அவருக்கு அது தருவது என்ன?

இந்த நோய் மெதுவாக நடையையும் கெடுக்கும். அடி சிறிதாகும், திரும்பும்போது தடுமாற்றம் வரும், தரையின் மேடு பள்ளத்தைக் கண் சரியாக அளக்காது. இதோடு நாற்காலி வாழ்க்கையும் சேர்ந்தால், தொடைத் தசை வாரக்கணக்கில் கரைந்துபோகும். ஒரு நாள் குளியலறையில் விழுவார். இடுப்பெலும்பு முறியும். அறுவை சிகிச்சை, படுக்கை, குழப்பம் என்று போய், விழுவதற்கு முன்பிருந்த நிலைக்குப் பலர் திரும்புவதே இல்லை. நோயைவிட அந்த வீழ்ச்சி வேகமாக அவரைக் கொண்டுபோய்விடும்.

பின்லாந்தில், வீட்டில் துணைவரோடு வாழும் அல்சைமர் நோயாளிகள் 210 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு (2013இல் வெளியானது) இதைத்தான் கவனித்தது. ஒரு பிரிவினருக்குப் பயிற்சியாளர் வாரம் இருமுறை வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். எல்லாப் பிரிவிலும் நோயாளிகள் தளர்ந்தார்கள். ஆனால் வீட்டில் பயிற்சி பெற்றவர்கள் உடுத்துவது, எழுவது, நடப்பது போன்ற காரியங்களில் மெதுவாகத் தளர்ந்தார்கள். விழுந்த தடவைகளும் கணிசமாகக் குறைந்தன.

இது சின்ன லாபம் என்று யாராவது சொன்னால், தாயைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் மகளிடம் கேட்டுப் பார்க்கட்டும். தானே எழுந்து போய்வர முடிகிற ஒவ்வொரு மாதமும் அந்தத் தாய்க்கு மானம், மகளுக்கு முதுகு. நினைவுப் பரிசோதனை மதிப்பெண்ணில் இது ஏறாது.

மனநிலையும் இருக்கிறது. டென்மார்க்கில் இலேசான அல்சைமர் உள்ள 200 பேரிடம் 16 வாரம் நடந்த ஆய்வில், படபடப்பு, எரிச்சல், சோர்வு போன்ற தொந்தரவுகள் பயிற்சி பெற்றவர்களிடம் குறைவாக இருந்தன. பகல் வெளிச்சத்தில் நடப்பது இரவுத் தூக்கத்துக்கும் உதவுகிறது. பகலெல்லாம் தூங்கி வழிந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் "வீட்டுக்குப் போவணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பும் பெரியவரை இராத்திரி முழுக்கக் காத்தவர்களுக்கு, ஒரு மணி நேரத் தூக்கம் கூடுவது என்னவென்று தெரியும்.

ஆக, பூச்சியை விரட்ட முடியவில்லை. ஆனால் நிற்கிற பயிர் நிற்கிறது. கால் பலம், விழாமை, தூக்கம், அமைதி, தன் வேலையைத் தானே செய்துகொள்வது: உடற்பயிற்சியை அளக்க வேண்டிய படி இவைதான்.

## கைக்குத் தெரிந்ததைக் கொண்டு தொடங்குங்கள்

நேற்று நடந்ததை நினைவில் வைப்பதும், கைவந்த வேலையைச் செய்வதும் மூளையில் ஒரே இடத்து வேலைகள் இல்லை. பழகிய அசைவுகளைச் சிறுமூளையும் மூளையின் அடியாழப் பகுதிகளும் பார்த்துக்கொள்கின்றன. அல்சைமர் அங்கே தாமதமாகத்தான் போகிறது. மகள் பெயரைத் தடுமாறும் அம்மா புள்ளி பிசகாமல் கோலம் போடுவார், பூ கட்டுவார். தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர் கையில் அறுந்த வலையைக் கொடுத்தால், தேதி தெரியாதவரின் விரல்கள் முடிச்சுப் போடும்.

ஆகவே "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று சொல்லி நிற்பதில் பயனில்லை. "அப்பா, எந்திரிங்க, கடைக்குப் போய் பால் வாங்கியாரலாம்" என்றால் எழுந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல், அதைச் செய்து காட்டுவது, எதிரில் வந்து முகம் தெரிய நின்று பேசுவது, இவை போதும். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டால், மறுத்ததே அவருக்கு நினைவிருக்காது.

கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, கோயில் பிராகாரம் சுற்றுவது எல்லாம் கணக்கில் சேரும். இவற்றோடு ஒன்றை மட்டும் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்: கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மெதுவாக உட்காருவது. ஐந்து தடவை, பிறகு பத்து. கழிவறையிலிருந்து எழ வைக்கும் தசை அதில்தான் வளர்கிறது.

எவ்வளவு நேரம்? பொதுவாக வயது வந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடத்துக்குக் குறையாத மிதமான உழைப்பு. 65 கடந்தவர்களுக்கு அதோடு வாரம் 3 நாள், சமநிலை பழகும் பயிற்சிகள். டிமென்ஷியா உள்ளவருக்கு இதைச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கலாம். பத்து நிமிடமாக மூன்று தடவையும் நல்லதுதான். தமிழக அரசு மாவட்டந்தோறும் அமைத்த 8 கி.மீ. நடைப்பாதை உங்களுக்கு; அவருக்கு வேண்டாம்.

## நம் ஊர் வெயிலும் தரையும்

கடலோர வெக்கையில் வேர்வை ஊற்றும். வயதானவருக்குத் தாகம் தெரிவது குறைவு, இந்நோய் உள்ளவர் கேட்கவும் மறப்பார். உடலில் நீர் குறைந்தாலே அவரது குழப்பம் திடீரென்று பல மடங்கு ஆகும். கத்திரி வெயில் காலத்தில் ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். கிளம்பும் முன்பும் வந்த பின்பும் நீங்களே தண்ணீரோ நீர்மோரோ கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள்.

சில்வர் பீச்சில் மணலில் நடக்க வைக்காதீர்கள். கால் புதையும் தரையில் அவரால் சமநிலை பிடிக்க முடியாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அதிகாலையிலும் மாலையிலும் வண்டிகளை விடுவதில்லை. சமதரை, உட்காரத் திண்டு, திசை தப்ப வழியில்லாத நேர்ச்சாலை என எல்லா வகையிலும் பொருத்தமான இடம் அது. கூட்டம் பெருகும் ஞாயிற்றுக்கிழமை மாலையை மட்டும் தவிருங்கள். சத்தமும் நெரிசலும் அவரை மிரட்டும். ரப்பர் செருப்பு வழுக்கும், கழலும். பின்பக்கம் வார் உள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். சட்டைப் பையில் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும். பழைய வீடுகளின் உயர்ந்த வாசற்படியில் பளிச்சென்ற நிறத்தில் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிட்டால் படி கண்ணுக்குத் தெரியும்.

மாத்திரைகளையும் கவனியுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் நடந்தால் மயக்கம் வரும். பி.பி. மாத்திரை போடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்; கட்டிலில் சற்று உட்கார்ந்து எழட்டும். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் சிலருக்கு நாடித் துடிப்பைக் குறைத்து மயக்கம் வரவைக்கலாம். நெஞ்சு வலி, புதிதாக மூச்சுத் திணறல், மயக்கம், அடிக்கடி விழுவது, ஒரே நாளில் கூடிய குழப்பம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு முறை இயன்முறை மருத்துவரிடம், நாம் பிசியோ என்கிறவரிடம், காட்டிவிடுவது நல்லது. கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் இயன்முறைச் சிகிச்சை கிடைக்குமா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண் நாடு முழுவதற்கும் உண்டு.

## படுக்கையில் ஆன பிறகு

நோய் முற்றி, நடக்க முடியாத நிலை வரும். அப்போதும் அசைவு தேவைதான், நோக்கம் மட்டும் மாறுகிறது. காலை, மாலை குளிப்பாட்டித் துடைக்கும்போதே தோள், முழங்கை, விரல், முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத அளவுக்கு மெதுவாக மடக்கி நீட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், சட்டை மாட்டுவதுகூட அவருக்கு வதையாகும். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். உட்கார முடிகிறவரை சோறு ஊட்டும் நேரத்திலாவது நிமிர்த்தி உட்கார வையுங்கள். நிமிர்ந்து இருந்தால் புரையேறுவது குறையும், நெஞ்சில் சளி தங்குவதும் குறையும்.